பருத்தி நாற்று நடும் மெஷினும் நம்ம கூலியும்

(எருமப்பட்டி குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "பருத்தி நாத்தையும் மெஷின்லயே நட்டுட்டா எங்களை யாரு வேலைக்குக் கூப்பிடுவாங்க?" அன்றைக்குக் கடன் வரவு பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. இன்றைக்கு அதைப் பேசுவோம்.

நம்ம பக்கம் பருத்தியை நடுவதில்லை, விதையை ஊன்றுகிறோம். காரணம் ஆணிவேர். நெல் நாற்றைப் பிடுங்கி நட்டால் புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். பருத்தியைப் பிடுங்கினால் வேர் அறுந்து வாடிப்போகும். மண்ணோடுதான் எடுத்து நட வேண்டும். இது புதுசும் இல்லைங்க. முளைக்காத குழிக்குப் பாடுவாசி நிரப்ப, சின்ன பாலிதீன் பையில் ஒரு பங்கு தொழுவுரம், மூன்று பங்கு மண் போட்டு, வயலில் ஊன்றுகிற அன்றே பையிலும் ஒரு விதை போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். பத்தாம் நாள் பையைக் கிழித்து, மண் உடையாமல் நட வேண்டும். இதையே காடு முழுக்கச் செய்தால் அதுதான் நாற்று நடவு.

எதுக்கு இந்தப் பாடு? விதை விலை ஒன்று. 2024-ல் 475 கிராம் பி.டி. பாக்கெட் 864 ரூபாய். குழியில் போட்ட விதை வீணானால் வயிறு எரிகிறது. இன்னொன்று, நாள் மிச்சம். வெங்காயம் காட்டில் இருக்கும்போதே பருத்தி நாற்று தட்டில் வளர்ந்துவிடும். சீனாவில் யாங்சி ஆற்றுப் பக்கம் இப்படித்தான், கோதுமை அறுப்பதற்குள் மண்கட்டியில் பருத்தி நாற்று வளர்த்துக் கையால் நட்டார்கள். அப்புறம் ஆட்கள் டவுனுக்குப் போய்விட, கூலி கட்டாமல் பலர் நேரடி விதைப்புக்கே திரும்பிவிட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மெஷின் எப்படியென்றால், டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. தக்காளி, மிளகாய் நாற்றுக்கென்று செய்தது. கொழு சால் கிழிக்கும். சீட்டில் உட்கார்ந்திருப்பவர், சுற்றி வரும் கிண்ணத்தில் ஒவ்வொரு நாற்றாகப் போடணும். கிண்ணத்தின் அடி திறந்து நாற்று சாலில் இறங்கும். பின்சக்கரம் மண்ணை அணைக்கும். ஒருவர் கை நிமிஷத்துக்கு 30, 40 நாற்று போடும். 120-க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 5,600 செடி. இரண்டு வரிசை மெஷினில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம். திருப்புவது, தட்டு மாற்றுவது தனி.

ஆக, அந்த அக்கா பயந்தது நியாயம்தான். ஒரு கூட்டம் செய்கிற நடவை மூன்று பேர் முடித்துவிடுவார்கள். நெல் நடவு மெஷின் வந்த ஊர்களில் நடவுக் கூலி அப்படித்தான் குறைந்தது. அங்கே புதிதாக வந்த வேலை பாய் நாற்றங்கால் விடுவது. பருத்தியிலும் நாற்று இல்லாமல் மெஷின் நகராது. அந்த நாற்றை யார் வளர்ப்பது என்பதில்தான் நம்ம குழு நிற்க வேண்டும்.

98 குழித்தட்டு என்றால் ஏக்கருக்கு 58 தட்டு. மக்கிய தென்னை நார்க்கழிவு, நிழல்வலை, பூவாளி. இவ்வளவுதான் முதலீடு. ஆனால் நாள் தள்ளக் கூடாது. தள்ளினால் ஆணிவேர் குழிக்கு அடியில் சுருண்டுவிடும், நட்ட பிறகும் நேராக இறங்காது. அதனால் காட்டுக்காரரிடம் தேதியும் முன்பணமும் வாங்காமல் ஒரு விதைகூடப் போடாதீங்க.

மெஷினுக்கு இப்போதே கடன் எழுத வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வேளாண் பொறியியல் துறையில் பெண்களுக்கு மானியம் உண்டு, சரி. ஆனால் கட்டி மண்ணிலும் துண்டு துண்டான காட்டிலும் அது ஓடாது. நம்ம சின்ன வெங்காயமோ காயை ஊன்றுவது, அதற்கும் உதவாது. மீதி மாசமெல்லாம் கொட்டகையில் நிற்கும், தவணை மட்டும் ஓடும். நின்றபடியே நாற்றை மேலே போட்டு, கீழே வாய் திறக்கிற குழாய்க் கருவி இருக்கிறது. முதுகுவலிக்காரர்கள் அதை முதலில் பிடித்துப் பார்க்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு கணக்கு எழுதி வாங்க: உங்க ஊரில் எத்தனை ஏக்கர் பருத்தி போடுகிறார்கள், அந்தக் காட்டில் வெங்காயம் எந்த வாரம் எடுக்கிறார்கள். தட்டு எத்தனை வாங்குவது என்பதை அன்றைக்கே முடிவு செய்வோம்.