காவடி விளக்கும் கையால் செய்த சார்ஜரும்

தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைக் காவடிகளில் எல்இடி விளக்குகள் மின்னும். அதற்குச் சின்ன லித்தியம்-அயன் பேட்டரியே போதும். அந்த பேட்டரிக்கு வீட்டிலேயே சார்ஜர் செய்யும் இளைஞர்களுக்கு இன்றைய தகவல்.

பேட்டரியின் மேலே 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட் இருக்கும். அதைத் தாண்டினால் பேட்டரி சூடேறி, வீங்கி, தீப்பிடிக்கலாம். ஆகவே 5 வோல்ட்டை நேராக இணைக்கக் கூடாது. முதலில் மின்னோட்டத்தை அளவோடு விட்டு, 4.2 வோல்ட் வந்ததும் அதிலேயே பிடித்துவைத்து, ஓட்டம் குறைந்ததும் துண்டிக்க வேண்டும். டிபி4056 என்ற மலிவான சில்லு இதைத் தானே செய்துவிடும்.

ஆனால் கடையில் கிடைக்கும், இந்தச் சில்லு பொருத்திய பலகையில் பெரும்பாலும் 1.2 கிலோ ஓம் மின்தடைதான் இருக்கும். அதனால் 1 ஆம்பியர் பாயும். 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது மிக அதிகம். 5 கிலோ ஓம் வைத்தால் 250 மில்லி ஆம்பியர்தான். நேரம் கூடும், சூடு குறையும்.

சுவர் மின்சாரத்தில் கை வைக்காதீர்கள். சிரிம் தர முத்திரையுள்ள அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுங்கள். வீங்கிய பேட்டரிக்குச் சார்ஜ் போடாதீர்கள். மெத்தைமேல் வேண்டாம், சிமெண்டுத் தரையில் வையுங்கள். தூங்கப் போகுமுன் கழற்றிவிடுங்கள்.