பெற்றோர் உழைப்பும் பிள்ளைகள் உணவும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சமயம் சார்ந்த பொருளொன்றைப் பேசும்படியே எமக்குப் பணிக்கப்பட்டது. நாமோ சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பெரியோர் பொறுத்தருள்க.

கட்டைபறிச்சானில் வீடுகள் உண்ணும் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. கொட்டியாரக் குடாவில் இரவு வலை வைப்பவர் விடியும்போதுதான் கரை சேருகின்றார். பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் அவர் பாயை விரிக்கின்றார். பெரும்போகத்தில் கூலிக்குக் களை பிடுங்கப் போகும் தாய், இருட்டோடு எழுந்து உலை வைத்து, சோற்றையும் ஒரு கறியையும் மூடி வைத்துவிட்டு வயலுக்கு நடக்கின்றார். மாலையில் அவர் வந்து சேரும்போது தகப்பனார் மறுபடியும் தோணிக்கு ஆயத்தமாகி நிற்பார். ஒரு கூரையின் கீழ் நான்கு பேர். உண்பதோ நான்கு வேளைகளில்.

எமது வீடும் இதற்கு விலக்கன்று. பாடசாலை விட்டு வந்து மூடியைத் திறந்தால் சோறு ஆறிக் கட்டியாகியிருக்கும். சூடைமீன் குழம்பும் அப்படியே. தனியே இருந்து உண்போம். வயிறு நிறையும், ஆனால் உண்டது போலிராது. நான்கு மணிக்கெல்லாம் கடைக்கு ஓடிப் பணிஸ் வாங்குவோம். ஒருநாள் அம்மாவிடம், “உங்கட சோறு வாயில வைக்க ஏலாது” என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இன்னும் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து மீன் பொரித்து வைத்துவிட்டுப் போனார். அதை நினைக்க இன்றும் நாணுகின்றோம். பொரித்த மீனும் ஆறித்தான் இருந்தது.

பின்னர் மிஷன் பாடசாலை விடுதியில் சேர்ந்தோம். அங்கே மணியடித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் அமர வேண்டும். ஜெபம் முடியும்வரை சைவப் பிள்ளைகளாகிய நாமும் தலைகுனிந்திருப்போம். சோறு சுடச்சுட வரும். அளவும் வீட்டிலும் கூடத்தான். ஆயினும் அதே குறை. சூடும் நேரமும் கூட்டமும் இருந்தன. “இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்று கேட்கும் ஒருவர் இல்லை. எமது கோபம் அதுவரை சோற்றின் மேலிருந்தது தவறென்பது அங்கேதான் விளங்கிற்று.

ஆனால் பெற்றோர் வீட்டிலிருந்தாற் போதுமா? அதுவும் போதாதென்று நம்மூர் கண்டிருக்கின்றது. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பல ஆண்டுகள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் இருந்தார்கள். அக்காலத்தை அனுபவித்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். “தம்பி, அப்ப குடும்பமா இருந்துதான் சாப்பிட்டம். நிவாரண அரிசி. என்ர வயலைப் பாக்க ஏலாம இருந்துகொண்டு அதை எப்பிடி விழுங்கிறது?” என்றார். உழைப்பு அதிகமானால் சேர்ந்துண்ணல் போகின்றது. உழைப்பே பறிபோனால் உண்பவனின் மானம் போகின்றது.

2022 இன் பொருளாதார நெருக்கடி இதனை இன்னும் இறுக்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. 2013 இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதை அரசு தடுத்திருந்தது. நெருக்கடி வந்த 2022 இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஊரார் பிள்ளைக்குச் சோறூட்டி, அந்தச் சம்பளத்தால் தன் பிள்ளைக்குச் சோறு வாங்கும் தாயை நாம் எப்படிக் குறை கூறுவது?

குடாவின் அக்கரையில் சீனன்குடாவில் 1980 முதல் பெரிய கோதுமை மாவாலை இயங்கி வருகின்றது. நெல் விளையும் ஊரில் பாண் இரவுச் சாப்பாடாகிவிட்டதே என்று மூத்தோர் வருந்துவதுண்டு. எமக்கு அந்த வருத்தம் முழுவதும் இல்லை. பாணுக்கு உலை வேண்டாம்; வயலில் குனிந்து வந்த முதுகுக்கு அது ஓய்வு.

வள்ளுவர் மக்கட்பேற்றில் சுவையைப் பேசுமிடத்தில் கறியையோ நெய்யையோ பேசவில்லை. பிள்ளையின் கை பட்ட கூழையே பேசுகின்றார். அங்கே நிறைவு பெறுபவர் பெற்றோர். ஆகவே பிள்ளை தனியே உண்ணும் வீட்டில் இழப்பு பிள்ளைக்கு மட்டுமன்று. அம்மா வயல் வரம்பில் இருந்து தன் பொதியை அவிழ்க்கும்போது யாரை நினைத்தார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

வேலையைக் குறையுங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல நமக்கு வாயில்லை. அந்த வேலையில்தான் நாம் படிக்கின்றோம். ஆனால் மாலை அடுப்பை நாம் மூட்டலாம். ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போவதா என்று முன்வரிசையில் சிலர் சிரிக்கின்றார்கள். ஆழ்கடலில் நாட்கணக்காய் நிற்கும் வள்ளத்தில் சோறாக்குவது யார், ஐயா? விடுமுறையில் நாமே சொதி வைத்தோம். உப்புக் கூடிவிட்டது. அப்பா தோணிக்குப் போகுமுன் இருந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நமது சங்கத்தின் கூட்டம் இரவு ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகின்றது. கடலுக்குப் போகாத வீடுகளிலாவது எல்லாரும் ஒன்றாயிருக்கக்கூடியது அந்த நேரந்தான். கூட்டத்தை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்ற வேண்டுமென்று செயலாளர் அவர்களிடம் பிரேரித்து அமர்கின்றோம்.