இடிபாட்டின் கீழே கிடப்பவரிடம் பாவக் கணக்குக் கேட்கலாமா?

(மழைக்கால நிவாரணப் பணிக்காக ஜவ்வாது மலை அடிவாரத்தில் நமது அறக்கட்டளை கூட்டிய குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)





மழை இறங்குவதற்கு முன்னால் தார்ப்பாயும் போர்வையும் அரிசியும் சேர்த்து வைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கூட்டம். பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் வசூலுக்குப் போன நம் பிள்ளைகள் ஒரு கேள்வியோடு திரும்பி வந்திருக்கிறார்கள். மூன்று நான்கு வீடுகளில் கேட்டிருக்கிறார்கள்: "வெள்ளமும் மண்சரிவும் அல்லாஹ் இறக்குகிற அதாப். அவன் தண்டிக்கிற இடத்தில் நமக்கு என்ன வேலை? அதுவும் நம் மக்கள் இல்லாத இடத்தில்?"

கேட்டவர்கள் கல் நெஞ்சுக்காரர்கள் இல்லை. ஐவேளைத் தொழுகையாளிகள். அந்த வீடுகளிலும் பணம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மூட்டை கட்ட எனக்கு மனம் வரவில்லை.

2024 டிசம்பர் 1 நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. நமக்குத் தெற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையில் அன்று மாலை மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டது. 7 பேர் மௌத்தானார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். மீட்புப் படையினர் மழையில் நின்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோதே இங்கே கைப்பேசிகளில் தீர்ப்புகள் வந்துவிட்டன. புனித மலையில் வீடு கட்டியதால் சாமி குற்றம் என்று சிலர் எழுதினார்கள். நம்மவர் சிலர் ஷிர்க் நடக்கும் இடம், அதனால்தான் என்றார்கள். இரண்டு தரப்புக்கும் மார்க்கம் வேறு, பேச்சு ஒன்றுதான்.

இப்போது இன்னொரு நாளை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 19. பேரணாம்பட்டில் தொடர் மழையில் ஊறிய வீடு அதிகாலையில் இடிந்து விழுந்து 9 பேர் மௌத்தானார்கள். பெண்களும் பச்சைக் குழந்தைகளும். நம் மக்கள். இங்கிருந்து எத்தனை பேர் அந்த ஜனாஸாவுக்குப் போனார்கள்! அன்று நம்மில் யாராவது அதை அதாப் என்றோமா? இன்னா லில்லாஹி சொன்னோம், அழுதோம், ஷஹீத் என்றோம். மழை ஒன்று, மண் ஒன்று, இறந்தவர்கள் இரண்டு இடத்திலும் பிள்ளைகள். அங்கே மட்டும் பாவம் எங்கிருந்து வந்தது?

ஷஹீத் என்று நாமாகச் சொல்லவில்லை. கொள்ளை நோயிலும் வயிற்று நோயிலும் இறந்தவர், தண்ணீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர் ஆகியோரை ஷஹீதுகளின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். அது முஃமின்களுக்குச் சொன்னது அல்லவா என்பீர்கள். சரி. மற்றவரின் மறுமை அல்லாஹ்விடம் இருக்கிறது, அதைப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் சுவர் விழுவதே இறைக் கோபத்தின் அடையாளம் என்றால், அந்தச் சுவரின் கீழே இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து எப்படிக் கிடைக்கும்? விழுந்த சுவரைப் பார்த்து அல்லாஹ்வின் முடிவைப் படிக்க முடியாது என்பதற்கு இந்த ஹதீஸ் ஒன்றே எனக்குப் போதும்.

ஆது, ஸமூது கூட்டத்தாரும் நூஹ் (அலை) அவர்களின் சமுதாயமும் அழிக்கப்பட்டது குர்ஆனில் இருக்கிறதே என்று ஒரு பெரியவர் கேட்டாராம். நல்ல கேள்வி. அங்கெல்லாம் முதலில் ஒரு நபி வந்தார், எச்சரித்தார். பிறகு நடந்தது இன்ன காரணத்தால் என்று அல்லாஹ்வே வஹீ மூலம் அறிவித்தான். இன்று வஹீ நின்றுவிட்டது. ஊத்தங்கரையில் பெய்த மழைக்குக் காரணம் இதுதான் என்று நமக்கு யார் வந்து சொன்னார்கள்? மூஸா (அலை) அவர்களே ஹிள்ர் (அலை) அவர்கள் கப்பலைத் துளையிட்டதன் காரணம் தெரியாமல் தவித்தார்கள். அந்தச் சம்பவத்தை ஜும்ஆ தோறும் கஹ்ஃபு சூராவில் ஓதிவிட்டுத்தான் நாம் வெளியே வந்து வாட்ஸ்அப்பில் காரணம் எழுதுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தப் பிள்ளையின் மௌத்துக்காகத்தான் சூரியனே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசினார்கள். வேறொருவராக இருந்தால் அதைப் பேச விட்டிருப்பார். நபியவர்கள் விடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவர் பிறந்ததற்காகவும் இறந்ததற்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று எழுந்து நின்று சொன்னார்கள். தனக்குப் பெருமை சேர்க்கும் பேச்சையே மறுத்த நபியின் உம்மத், அடுத்தவருக்கு இழிவு சேர்க்கும் பேச்சை எப்படிப் பேசலாம்?

இன்னொரு நிகழ்ச்சி. மதீனாவில் பஞ்சம். ஜும்ஆ உரையின்போது ஒருவர் எழுந்து மழைக்கு துஆ செய்யச் சொல்கிறார். நபியவர்கள் கையேந்துகிறார்கள், ஒரு வாரம் மழை நிற்கவில்லை. அடுத்த ஜும்ஆவில் ஒருவர் எழுந்து வீடுகள் இடிகின்றன, பொருள்கள் மூழ்குகின்றன என்கிறார். இடிந்தது யார் வீடு, அவர் தொழுகையாளியா, என்ன செய்தார் என்று நபியவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுபடியும் கையைத்தான் உயர்த்தினார்கள். மழையை ஊர் மேலிருந்து விலக்கி, சுற்றியுள்ள மேடுகளுக்கும் ஓடைகளுக்கும் மரங்களின் வேர்களுக்கும் திருப்பும்படி கேட்டார்கள். இந்த துஆவை நாமும் ஓதுகிறோம். ஓதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நம் ஊரைச் சுற்றியுள்ள மேடு வெறும் மேடு இல்லை. ஜமுனாமரத்தூரைச் சுற்றிலும் மலையாளி மக்கள் குடியிருக்கிறார்கள். நாம் வாங்குகிற புளியும் தேனும் சாமையும் அவர்கள் வீட்டு முற்றத்திலிருந்து இறங்குபவை.

நல்ல நோக்கத்தோடு பேசினாலும் இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில்தான் சுற்றுப்பயணத்தில் இருந்தார். திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் கொடுத்த தண்டனை இது என்றார். அவரைப் பெரிதும் மதித்த ரவீந்திரநாத் தாகூர் அதை ஏற்கவில்லை. இயற்கைச் சேதத்துக்கு இயற்கைக் காரணமே உண்டு என்று எழுதினார். இன்னொன்றும் சொன்னார்: இந்த வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும், காந்தியின் இயக்கத்தால்தான் கடவுள் கோபித்தார் என்று அவர்களும் சொல்லலாமே என்று. காந்தியடிகள் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பீகாருக்கு நேரில் போய் நிவாரணப் பணியில் நின்றார். அவர் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை, அவர் போனதில் உண்டு.

அந்த வாதம் நம் பக்கமும் திரும்பும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உலகிலேயே அதிகம் பேர் இறந்தது இந்தோனேசியாவின் அச்சே பகுதியில், 1,60,000க்கும் மேல். மக்காவின் முன்வாசல் என்று பெயர் பெற்ற முஸ்லிம் பூமி அது. பாவக் கணக்குப்படி அலை வந்திருந்தால் அங்கேயா முதலில் வந்திருக்கும்? பள்ளிவாசல்கள் மட்டும் நின்ற படங்களை நாம் பகிர்ந்தோம். பள்ளிவாசலைச் சுற்றியிருந்த வீடுகளில் அடித்துச் செல்லப்பட்டவர்களும் கலிமா சொன்னவர்கள்தானே!

அதே நாள் நம் கடற்கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பரங்கிப்பேட்டையில் அன்று ஞாயிற்றுக்கிழமை, கல்யாண நாள். விருந்துக்கு ஆக்கி வைத்த சாப்பாடு, ஓடி வந்த மீனவ மக்களுக்குப் போனது. ஜமாஅத்தார் பல நாட்கள் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். நாகூர் தர்காவின் நிலத்தில் மதம் பார்க்காமல் உடல்கள் அடக்கப்பட்டன. அந்த உடல்களைத் தூக்கியவர்களுக்குக் காரணம் பேச நேரம் இருந்திருக்காது.

அப்படியானால் நிலத்திலும் நீரிலும் தோன்றும் சீர்கேடு மனிதக் கைகள் சம்பாதித்தது என்று குர்ஆன் சொல்வதற்கு என்ன பொருள் என்று ஆலிம்சாக்களிடம் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஆயத்தை நான் மறைக்கவில்லை. நேராகவே படியுங்கள். ஏரியைத் தூர்த்து மனை போட்டது மனிதக் கை. பாலாற்று மணலை அள்ளியதும், ஓடையில் குப்பை கொட்டியதும் மனிதக் கைதான். ஆனால் தூர்த்தவர் மாடி வீட்டில் இருக்கிறார், மூழ்கியவர் பள்ளத்துக் குடிசையில் இருக்கிறார். ஆகவே அந்த ஆயத்தைக் கையில் எடுத்தால் மனை போட்டவரின் வாசலுக்குத்தான் போக வேண்டும், நிவாரண முகாமுக்குப் போகக் கூடாது. அதற்கும் முன்னால் அவரவர் தன் கையைப் பார்க்க வேண்டும். காற்று பலமாக வீசினாலோ கருமேகம் கூடினாலோ நபியவர்களின் முகம் மாறிவிடும், உள்ளேயும் வெளியேயும் நடப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பயம் இருந்தது. அந்தப் பயத்தில் அவர்கள் யாரையும் கை நீட்டவில்லை.

பணம் யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். ஜகாத்துக்கு ஃபிக்ஹில் தனிச் சட்டம் உண்டு. அந்தக் கணக்கு நம் பைத்துல்மாலில் தனியாகவே இருக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டாம். இந்த நிதி ஸதகா. முஸ்லிமல்லாத உறவினருக்குத் தர்மம் செய்ய ஸஹாபாக்களே தயங்கியபோது, நேர்வழியில் சேர்ப்பது நபியே உம் பொறுப்பல்ல, நீங்கள் செலவிடும் நன்மை உங்களுக்கே என்ற கருத்தில் பகரா சூராவில் ஆயத் இறங்கியது. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்பவர்களை அல்லாஹ் புகழ்கிறானே, அன்று மதீனாவில் கைதி என்றால் யார்? போரில் எதிரணியில் நின்று பிடிபட்டவர்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹிஜ்ரி 18இல் பெரும் பஞ்சம் வந்தது. சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயர். மக்கள் வயிறு நிறையும் வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று கலீஃபா இருந்தார்கள். ஷாமிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். தவ்பாவும் செய்யச் சொன்னார்கள், மூட்டையும் தூக்கினார்கள்.

இனி வேலை. சாலை துண்டிக்கப்பட்டால் மலைக் கிராமங்களுக்கு இரண்டு மூன்று நாள் போக முடியாது என்பதால் சாமான்களை முன்கூட்டியே மேலே கொண்டுபோய் வைக்கப் போகிறோம். அங்கே குளிர் அதிகம், கம்பளிப் போர்வை அவசியம். கிழிந்த துணி, சாயம் போன துணி தயவுசெய்து வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைக்குப் போடக் கூசும் சட்டையை அங்கே அனுப்ப வேண்டாம். பெண்களுக்கான மாதாந்திரப் பொருட்களைத் தாய்மார்கள் தனிப் பையில் கட்டிக் கொடுங்கள், பெண்கள் குழுவே எடுத்துச் செல்லும். மூட்டையில் மார்க்கத் துண்டுப் பிரசுரம் எதுவும் வைக்கக் கூடாது. பசியோடு கை நீட்டுபவரிடம் அதைக் கொடுப்பது தஃவா ஆகாது என்பது என் கருத்து. வாங்குபவர் முகத்தைப் படம் எடுக்கவும் கூடாது. கணக்குக்குச் சீட்டு இருக்கிறது, அது போதும்.

வண்டி ஓட்டத் தெரிந்த வாலிபர்கள் எட்டுப் பேராவது வேண்டும். மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் பெயர் கொடுங்கள். பதிவேடு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது.