தந்தையார் கண்ட கால்பந்தாட்டம்

காலஞ்சென்ற என் தந்தையார் கல்கத்தாவில் கணக்கராக இருந்தவர். ஈஸ்ட் பெங்கால் அணியின் பரம பக்தர். அவர் பந்தை உதைத்து நான் கண்டதில்லை. ஆயினும், மழைக்கால மாலைகளில் சேற்றில் வரிசையாக நின்று, மலிவான சீட்டு வாங்கி ஆட்டம் காண்பார். 1957இல் அவ்வணியில் சேர்ந்த துளசிதாஸ் பலராம் தமிழ்ப் பெற்றோரின் புதல்வர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் நம்மவர் 1–2 என்று தோற்றனர். நமக்குக் கிடைத்த ஒரே கோல் பலராம் அடித்தது. சோர்ந்திருந்த எங்களிடம், "அஞ்சாமல் ஆடினார்களே, அதைப் பாருங்கள்" என்றார் தந்தையார். 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என்று வென்று ஆசியத் தங்கம் பெற்றபோது, தெருவுக்கே மிட்டாய் வழங்கினார்.

ஒருமுறை மோகன் பகான் அடித்த அழகிய கோலுக்கு அவர் கைதட்டிவிட்டார். சுற்றியிருந்த நம் அணியினரே சினந்து அவரைப் பிடித்துத் தள்ளினர். சட்டைச் சேற்றைத் துடைத்தபடி, "நல்ல ஆட்டத்துக்குக் கட்சி ஏது?" என்றார். அடுத்த வாரமும் அதே இடத்தில் போய் நின்றார்.

மாணவ நண்பர்களே, வெல்லும் அணியை எவரும் விரும்புவர். தோற்ற அணியைத் தேடி மறுவாரமும் செல்பவனே அன்பன். எதிரியின் திறமையையும் போற்றுபவனே ரசிகன். பொருளாக ஏதும் வைத்துச் செல்லாத என் தந்தையார் எனக்களித்த செல்வம் இவ்விரண்டே.