யந்திரத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கைகள்
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

யந்திரம் வந்தால் ஆளுக்கு வேலை போகும் என்பது நாம் புத்தகத்தில் படித்த பாடமல்ல. இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார்க்கச் சொன்னபோது மில்லில் கற்றோம். அறுவடை யந்திரம் இறங்கியபோது வயலில் கற்றோம். இதே பயம் பாட்டுத் தொழிலிலும் எழுந்தது. அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

1982 மே மாதம் பிரிட்டிஷ் இசைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை ஒரு தீர்மானம் போட்டது. மின்சாரத்தால் ஒலி எழுப்பும் சிந்தசைசரையும் தாள யந்திரத்தையும் தடை செய்ய வேண்டும் என்பதே தீர்மானம். வாத்திய கோஷ்டிக்குப் பதில் சிந்தசைசரை வைத்துக் கச்சேரி நடத்தலாம் என்று ஆகிவிட்டால் பிடில்காரன் எங்கே போவான்? அது வீண் பயமா? இல்லை. அந்த வருஷம் பிரிட்டனில் வேலையற்றோர் 30 லட்சத்தை எட்டியிருந்தனர். ஆனால் சங்கம் முழுவதும் அத்தீர்மானத்தை ஏற்கவில்லை.

அடுத்த வருஷம், 1983 மார்ச்சில், 'நியூ ஆர்டர்' குழுவின் 'புளூ மன்டே' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. ஏழரை நிமிஷ ஆட்டப் பாட்டு. அதில் தாளம் போடுவது யந்திரம்.

இந்தக் குழுவினர் யார்? பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டுக்காரர்கள். அது பஞ்சாலைச் சீமை. எங்கெல்ஸ் 1845-ல் வெளியிட்ட நூலில் தொழிலாளரின் துயரத்தை எழுதினாரே, அதே சீமை. ஸ்டீபன் மாரிஸும் கில்லியன் கில்பர்ட்டும் பட்டு நெசவுக்குப் பேர்போன மாக்கிள்ஸ்ஃபீல்டில் வளர்ந்தவர்கள். இவர்கள் வாலிபரானபோது ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. 'ஜாய் டிவிஷன்' என்ற பெயரில் வாசித்துவந்தபோது, பாடகர் இயான் கர்ட்டிஸ் 1980-ல் 23 வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மிஞ்சிய மூவரும் புதுப் பெயர் வைத்துக்கொண்டு, கில்பர்ட்டையும் சேர்த்துக்கொண்டனர்.

பாட்டு எப்படி உருவாயிற்று? எந்த நேரத்தில் எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்று சிந்தசைசருக்கு வரிசையாகக் கட்டளையிடும் பெட்டி ஒன்று உண்டு. ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டை எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லவில்லையா? அதே வேலைதான். உதிரி பாகங்களாக விற்ற அந்தப் பெட்டியைச் சம்னர் தம் கையாலேயே பூட்டினார்.

சுரங்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றியவர் கில்பர்ட். வரிசை முழுவதையும் காகிதங்களில் எழுதி ஒட்டினார். ஒலிப்பதிவுக் கூடத்தின் நீளத்துக்கு அது நீண்டது. கம்பளி பின்னுவதற்கு எழுதிவைக்கும் குறிப்புப் போல இருந்ததாம். அதில் ஒரு சுரம் விட்டுப்போயிற்று. அதனால் மெட்டு தாளத்தைவிட்டுச் சற்றே விலகி ஓடுகிறது. அந்தப் பிசகு அப்படியே தட்டில் பதிந்தது; பாட்டின் அழகாகவும் ஆயிற்று. யந்திரப் பாட்டு என்றார்கள். அதற்குள் ஒரு பெண்ணின் கைவேலை இருந்தது!

பிரிட்டனில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. 12 அங்குலத் தனிப்பாட்டுத் தட்டுகளில் அங்கே மிக அதிகம் விற்றது இதுவே. கிதார் கோஷ்டிகள் பல பின்னர் யந்திரத் தாளத்தோடு கைகோத்தன. 2016-ல் ஒரு குழு, 1930-களில் இருந்த வாத்தியங்களை மட்டும் கொண்டு இதே பாட்டைக் கையால் வாசித்துக் காட்டியது. யந்திரத்தின் பாட்டு திரும்பவும் பத்து விரலுக்கு வந்து சேர்ந்தது!

சரி, பணம் என்னவாயிற்று? வெளியிட்ட கம்பெனியின் பெயரே 'ஃபேக்டரி'. கம்ப்யூட்டர் தகடு போல் துளை வெட்டிய உறை போட்டார்கள். அந்த உறைச் செலவால் விற்ற தட்டிலும் நஷ்டம் என்று கம்பெனிக்காரர்களே சொல்லிக்கொண்டார்கள். குழுவின் வருமானத்தில் பெரும்பகுதி, மான்செஸ்டரில் 1982-ல் திறந்த 'ஹசியெண்டா' ஆட்டக் கூடத்தில் கரைந்தது. 1992-ல் கம்பெனி திவாலாயிற்று. 1997-ல் கூடம் மூடியது. இடித்த இடத்தில் அதே பெயரில் விலைக்கு வீடுகள் எழுந்தன.

ஆனால் ஒன்று மிஞ்சியது. பாட்டு கம்பெனியின் சொத்தல்ல, பாடியவர்களின் சொத்து என்பதே அங்கே ஏற்பாடு. திவாலானபோது வாங்க வந்தவன் கணக்கைப் புரட்டினான். பாட்டு அவனுக்குத் தானாகக் கிடைக்கவில்லை.

தோழர்களே! பிடில்காரனின் பயம் நியாயமானது. ஆனால் அவன் சோற்றில் கைவைப்பது பெட்டியல்ல. பெட்டியை வைத்து ஆளைக் குறைப்பவன். அதே பெட்டி, அதைப் பூட்டியவன் கையிலும் சுரம் ஏற்றியவள் கையிலும் இருந்தபோது புதுப் பாட்டுப் பிறந்தது. ஆகவே புது யந்திரம் வாசலுக்கு வரும்போது, 'இது என்ன செய்யும்?' என்று கேட்பதோடு நாம் நிற்கக்கூடாது. 'இது யாருடையது? இதன் பலன் யாருக்கு?' என்றும் கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்!