பிள்ளைகள் முதலில் பேசட்டும், பின்னர் எழுதட்டும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளுக்குப் புத்தகம் தந்தது, கட்டணம் தந்தது, மாலை நேரப் படிப்பகம் தந்தது. அவற்றால் பயன் பெற்றோர் இந்த அவையில் நிறைந்திருக்கிறீர்கள். அவற்றைப் பற்றிப் பேச என்னினும் தகுதியுடையோர் இங்கு உள்ளனர். நான் எடுத்துக்கொண்டது சிறியதொரு பொருள். நம் படிப்பகத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகள் நாடகம் நடித்தார்கள். அடுத்த ஒரு மணி நேரம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள். அன்று கண்டதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். ஓராண்டுக் குறிப்புகளிலிருந்து நான் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

சுருங்கச் சொன்னால் அது இதுதான்: வாய் திறவாத பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுத்துப் பயனில்லை. அவன் முதலில் பேச வேண்டும். அவள் முதலில் பேச வேண்டும். பேசப் பழகுவதற்கு நாடகம் வழி. பேசியதை நிலைநிறுத்த எழுத்து வழி. இவ்விரண்டும் நம் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்கத்தக்கவை அல்ல.

முன்னோர் நடந்த பாதை

இது புதிய எண்ணம் என்று எவரும் கருத வேண்டா. 1848-இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே ஆகியோர், பின்னர் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தினர். அவர்களிடம் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் சமூகச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அது 1855-இல் 'ஞானோதய' என்னும் மராத்தி இதழில் அச்சேறியது. அதே 1855-இல் புலே அவர்கள் 'திருதீய ரத்ன' என்னும் நாடகத்தை எழுதினார்கள். புரோகிதனிடம் ஏமாந்த உழவனும் அவன் மனைவியும் உண்மை உணர்ந்து கல்வியை நாடுவதே அதன் கதை. பரிசுக் குழுவினர் அந்நாடகத்தை ஏற்கவில்லை. எனினும் ஒரே ஆண்டில் ஆசிரியர் நாடகம் எழுதியதும் மாணவி கட்டுரை எழுதியதும் எனக்குப் பொருள் நிறைந்த செய்தியாகத் தோன்றுகின்றன.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்கள். அக்கழகம் அன்று ஔரங்காபாத் என வழங்கிய நகரில் 1950-இல் தொடங்கிய கல்லூரியே பின்னர் மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அதன் முதல்வராயிருந்த சிட்னிஸ் அவர்கள் 'யுகயாத்ரா' என்னும் நாடகத்தை எழுதி மேடையேறச் செய்தார்கள். மராத்தியில் தலித் இலக்கியம் என்று பின்னர் பேரெழுச்சி கொண்ட இயக்கத்திற்கு அக்கல்லூரி ஒரு நாற்றங்காலாயிற்று.

நம் தமிழகத்திலோ, இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் இதழ் நடத்தத் தொடங்கினார்கள். பண்டித அயோத்திதாசர் அவர்கள் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார்கள். எழுத்து நமக்கு எவரும் இட்ட பிச்சை அன்று என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அரசன் யார், காவலன் யார்?

இனி என் குறிப்பேட்டுக்கு வருகிறேன். முதல் வாரம் ஓர் அரசவைக் காட்சி. வேடங்களைப் பிள்ளைகளே பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உயரமாகவும் சற்றுச் சிவப்பாகவும் இருந்த பையனை எல்லோருமாகச் சேர்ந்து அரசனாக்கினார்கள். கூச்சம் மிகுந்த இருவர் வாயிற்காவலர் ஆயினர். அரண்மனை வாயிலைப் பெருக்கும் பெண்ணாக நடிக்க எவரும் முன்வரவில்லை. அனைவரும் ஒரே தெருவில் பிறந்த பிள்ளைகள்தாம். ஆயினும் உலகம் தன் ஏணியை அவர்கள் உள்ளத்திலும் சாத்தி வைத்திருந்தது. அறிவுரையால் அந்த ஏணியை அகற்ற முடியாது. ஆகவே ஒரு விதி செய்தோம். அதே காட்சியை நான்கு வாரம் நடிப்பது; ஒவ்வொரு வாரமும் வேடம் மாறுவது; அரசனாக நடித்தவன் துடைப்பம் ஏந்துவது; துடைப்பம் ஏந்தியவள் தீர்ப்புச் சொல்வது. நான்காம் வாரம், வாயில் பெருக்கும் பெண் அரசனிடம் கேட்ட கேள்விக்கு அவையில் எவராலும் விடை சொல்ல இயலவில்லை. அக்கேள்வி எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது.

ஆறாம் வாரம் தாலுகா அலுவலகக் காட்சி. பாதை வசதி கேட்டு ஒருவர் மனுக் கொண்டு செல்கிறார். வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத மாணவி ஒருத்தி வட்டாட்சியராக நாற்காலியில் அமர்ந்தாள். “மனுவில் என்ன எழுதியிருக்கிறது? நீங்களே படியுங்கள்” என்றாள். மனுதாரராக நடித்த பையன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சிரிப்பு அடங்கியதும், “இந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்வீர்கள்?” என்று பார்த்திருந்தவர்களைக் கேட்டேன். ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து அதே காட்சியை வேறு விதமாக நடித்தார்கள். ஒருவன் கெஞ்சினான், ஒருவன் சினந்தான், ஒருத்தி மட்டும் மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டுக் கேட்டாள். இத்தகைய அரங்கைப் பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் என்பார் 1970-களில் ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்று பெயரிட்டு வளர்த்தார். பார்ப்பவன் வெறுமனே பார்த்துக்கொண்டிராமல் எழுந்து வந்து கதையின் போக்கை மாற்றுவதே அதன் உயிர்நாடி. அடுத்த வாரம் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு மனு எழுதினார்கள்.

ஆசிரியரும் வேடம் ஏற்க வேண்டும். இங்கிலாந்தில் டாரதி ஹீத்கோட் என்னும் அம்மையார் இம்முறையில் புகழ் பெற்றவர். அவர் தம் 14-ஆம் வயதில் கம்பளி ஆலைக்கு வேலைக்குச் சென்றவர். பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு ஆசிரியர் ஆனவர். ஆசிரியர் அறியாதவராக நடித்தால் பிள்ளைகள் அறிந்தவர்களாக நிமிர்வார்கள் என்பது அவர் முறையின் சாரம். ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரியாக நான் நடித்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் எந்தக் குழாய் முதலில் வற்றும், மழைக்காலத்தில் பிணத்தை எவ்வழியாக எடுத்துச் செல்வீர்கள் என்று கேட்டேன். அவர்கள் எனக்குக் கற்பித்தார்கள்.

காயத்தைக் காட்டு என்று கேளாதீர்

ஒன்பதாம் வாரக் குறிப்பு எனக்கு மிக முக்கியமானது. கழிவுநீர்க் கால்வாய் தூர்வாரும் தொழிலாளி ஒருவரைக் காட்சியில் கொண்டுவரலாம் என்று சில பிள்ளைகள் கூறினர். ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் தந்தை அத்தொழில் செய்பவர். கழிவுநீர்க் குழிக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்கி வேலை வாங்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் அவ்வேலையில் உயிரிழப்போர் பற்றிய செய்தி நின்றபாடில்லை. அந்த அச்சத்தோடு இரவுதோறும் தந்தைக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம், “உன் வீட்டுக் கதையை மேடையில் சொல்” என்று கேட்பதற்கு ஆசிரியருக்கு என்ன உரிமை உண்டு?

தோழர்களே! நம் துயரைக் கேட்டு உருக வரும் நல்லவர்கள் பலர் உள்ளனர். ஆனால் நம் பிள்ளை தன் காயத்தைக் காட்டினால்தான் அவன் எழுத்து உண்மையானது என்று எவரும் விதி செய்யலாகாது. அக்காட்சியை அன்றே கைவிட்டோம். அதற்கு மாறாக ஒரு கற்பனை ஊரை உண்டாக்கினோம். பெயரைப் பிள்ளைகளே இட்டார்கள். உண்மையான எவர் பெயரும் அங்கு வரலாகாது என்பது கட்டுப்பாடு. வேடமும் கற்பனையும் பிள்ளைக்கு ஒரு குடை போன்றவை. அக்குடையின் கீழ் அவன் தான் விரும்பும் தூரம் நடக்கலாம்.

அந்தக் கற்பனை ஊர்தான் எங்கள் நாவலின் களமாயிற்று. சில மாதங்கள் கழித்து அதே பையன், எவரும் கேளாமலே, அந்நாவலில் ஓர் அத்தியாயம் எழுதினான். ஒரு தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பி, குளித்து, மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அவ்வளவே. அதில் ஒரு துளிக் கண்ணீரும் இல்லை. எங்கள் ஏட்டிலே மிகச் சிறந்த பக்கங்கள் அவையே.

நாவல் வளர்ந்த விதம்

தொடக்கத்தில் பிள்ளைகள் எழுதியவற்றில் கதாநாயகர்கள் அனைவரும் சென்னையில் மாளிகையில் வாழ்ந்தார்கள், காரில் சென்றார்கள். அவற்றை நான் அடிக்கவில்லை. “உன் கதாநாயகன் காலையில் என்ன சாப்பிட்டான்? அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்தவர் யார்?” என்று மட்டும் ஓரத்தில் எழுதினேன். விடை தேடத் தேடக் கதை மெல்ல மெல்லத் தெருவுக்குத் திரும்பியது. பின்னர் பெரிய தாளில் ஊரின் வரைபடம் வரைந்தோம். ஏரி எங்கே, பள்ளி எங்கே, காலனி எங்கே, சுடுகாட்டுப் பாதை எங்கே என்று பெரும் விவாதம் நடந்தது. வரைபடம் முடிந்தபோது பாதி நாவல் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பலர் சேர்ந்து ஒரு நூல் எழுதுவது எங்ஙனம் என்று கேட்பீர்கள். இத்தாலியின் மலைச் சிற்றூராகிய பார்பியானாவில், தேர்வில் தோற்று வெளியேற்றப்பட்ட ஏழைச் சிறுவர்களுக்கு லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் கற்பித்து வந்தார். அவர் மாணவர் எண்மர் சேர்ந்து ஆசிரியை ஒருவருக்குக் கடிதமாக எழுதிய நூல் 1967-இல் வெளிவந்து அந்நாட்டையே உலுக்கியது. தோன்றியதையெல்லாம் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதுவது, ஒத்தவற்றை ஒன்று சேர்ப்பது, வரிசைப்படுத்துவது, வேண்டாத சொல்லைக் களைவது என்பது அவர்கள் முறை. எங்கள் பிள்ளைகளும் அவ்வாறே செய்தார்கள். உரையாடல் தெருப் பேச்சிலேயே இருந்தது. எழுத்துப் பிழைகளை இறுதிப் படி எடுக்கும்போதே திருத்தினோம். முதல் பக்கத்திலேயே சிவப்பு மை பாய்ந்தால் இரண்டாம் பக்கம் பிறக்காது.

முடிவைப் பற்றி எழுந்த பூசலையும் சொல்ல வேண்டும். நாயகன் ஆட்சியராகி ஜீப்பில் ஊர் திரும்புவதாக முடிக்க வேண்டும் என்று பையன்கள் பலரும் கூறினர். அப்போது ஒரு பெண் எழுந்து, “ஐயா, மூன்றாம் அத்தியாயத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றாளே அவன் தங்கை, அவள் என்ன ஆனாள்?” என்று கேட்டாள். எவரிடமும் விடை இல்லை. மூன்று வாரம் அதைப் பற்றியே பேசினோம். கடைசி அத்தியாயம் தங்கை மீண்டும் பள்ளியில் சேரும் காலை வேளையோடு முடிந்தது. ஜீப் வரவேயில்லை.

நம் நாவலாசிரியர்கள் இத்தகைய கேள்விகளை அஞ்சாது கேட்டவர்கள். பூமணியின் 'பிறகு' 1979-இல் கரிசல் மண்ணில் செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்வைச் சொன்னது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989-இல் நம்மவர் தலைவர் ஒருவரின் வீட்டுக்குள்ளேயே பெண்கள் படும் பாட்டைக் காட்டியது. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', நம் துணியை வெளுத்து நம்மிடமே சோறு பெற்ற குடும்பத்தின் துயரை நம் முகத்துக்கு நேரே வைத்தது. பாமாவும் இமையமும் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள் என்பது என் போன்றோர்க்கு ஊக்கம் தரும் செய்தி. பிறர் நமக்கு இழைத்த கொடுமையை எழுதுவது கடமை. நம் வீட்டுக்குள் நாம் இழைப்பதை எழுதுவது அதனினும் கடினமான கடமை. அந்தப் பெண்பிள்ளையின் கேள்வி இரண்டாம் கடமையைச் சேர்ந்தது.

பெற்றோர்க்கும் இளைஞர்க்கும்

“இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஒரு மதிப்பெண்ணும் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. நாடகமும் நாவலும் கணக்கு மதிப்பெண்ணைக் கூட்டும் என்று நான் பொய் உரைக்க மாட்டேன். ஆனால் வாய்விட்டுப் படிக்கக் கூசிய பிள்ளைகள் கூச்சம் நீங்கினார்கள். நான்கு வரிக்கு மேல் எழுத அறியாதவர்கள் நான்கு பக்கம் எழுதினார்கள். நாளை நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தலைநிமிர்ந்து பேச வேண்டியவர்கள் இவர்களே.

பட்டம் பெற்ற இளைஞர்களே! உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்கள் ஊர்ப் படிப்பகத்திற்குத் தாருங்கள். மேடையும் திரையும் வேண்டா. ஒரு பாயும் ஒரு நாற்காலியும் போதும். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளைகள் எழுதி முடித்ததை அழகாகப் படி எடுத்து, தைத்து, அட்டை கட்டி, படிப்பக அலமாரியில் பெரிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு அருகிலேயே வையுங்கள். ஆண்டுவிழா மேடையில் திரைப்பாட்டுக்கு ஆடுவதோடு, பிள்ளைகள் தாமே படைத்த நாடகம் ஒன்றும் நடக்கட்டும். முன் வரிசையில் அவர்கள் பெற்றோரை அமர்த்துங்கள்.

நம்மைப் பற்றி நெடுங்காலம் பிறர் பேசினார்கள், பிறர் எழுதினார்கள். இந்தச் சங்கம் ஐம்பதாம் ஆண்டு விழாக் கொண்டாடும் நாளில், அதன் மலரை நிரப்பும் எழுத்துகள் இன்று பாயில் அமர்ந்து வேடம் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுடையனவாக இருக்க வேண்டும். அதற்கு இந்த வாரமே தொடங்க வேண்டும்.