கனியால் அறிவோம்

(ஜூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆட்டுத்தோல் போர்த்தி வரும் ஓநாய்களைக் குறித்து நம் ஆண்டவர் எச்சரித்தார் (மத். 7, 15). ஓநாய் ஓநாயாகவே வந்தால் சிறு பிள்ளையும் ஓடித் தப்பிவிடும். அது ஆட்டைப் போல வருவதால்தான் எச்சரிக்கை தேவைப்பட்டது. அதை எப்படி இனங்கண்டு கொள்வது?

இக்கேள்வி ஆதித் திருச்சபைக்கும் இருந்தது. 'பன்னிரு அப்போஸ்தலர் போதனை' என்னும் பழங்கால நூலின் கையெழுத்துப் பிரதி 1873-ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராக வரும் போதகர்களைப் பற்றி அந்நூல் தெளிவாகச் சொல்கிறது: ஓரிரு நாள் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் அவன் பொய்யன். ஆவியின் பெயரால் தனக்கெனப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்கலாகாது. ஏழைகளுக்கெனக் கேட்டால் அவனைக் குறைகூறலாகாது. உண்மையைப் போதித்தும் அதன்படி நடவாதவன் பொய்த் தீர்க்கதரிசி. நாவன்மையைக் கண்டு மயங்காமல், நடத்தையைக் கண்டே அவர்கள் எடை போட்டார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் ஏழைகளுக்கு உணவளித்தார். கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே சபையில் அமர்த்தினார். எனவே மக்கள் நம்பினார்கள். பிறகு அவர்களுடைய சொத்தை வாங்கிக்கொண்டார். தென் அமெரிக்கக் காட்டிலே, கயானா நாட்டில் குடியேற்றி, பாஸ்போர்ட்டுகளையும் பறித்துக்கொண்டார். 1978 நவம்பர் 18 அன்று அவருடைய கட்டளையால் 900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் நஞ்சால் இறந்தார்கள். அவர்களில் சுமார் 300 பேர் சிறுவர்கள்!

"அவர்கள் பிற சபையினர், நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். மெக்சிகோவில் 1941-ஆம் ஆண்டு 'கிறிஸ்துவின் படையினர்' என்ற சபையை நிறுவிய மார்சியால் மாசியெல் ஒரு கத்தோலிக்கக் குருவே. சிறுவரைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் அவரைத் தொடவில்லை. மேலாளரைக் குறைகூறுவதில்லை என்று அச்சபையார் தனி வாக்குறுதி கொடுத்திருந்தனர். 2006-ஆம் ஆண்டு வத்திக்கான் அவரைப் பொது ஊழியத்திலிருந்து விலக்கியது; அடுத்த ஆண்டு அந்த வாக்குறுதியும் நீக்கப்பட்டது.

இருவரிடமும் ஒரே அடையாளத்தைக் காண்கிறோம்: தம்மைக் கேள்வி கேட்க எவரையும் விடவில்லை. பெரேயா ஊரார் செய்ததைப் பாருங்கள். புனித சின்னப்பர் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள், அதற்காக அவர்கள் பாராட்டப்படுகிறார்கள் (அப். பணி 17, 11). அப்போஸ்தலருக்கே இச்சோதனை என்றால், வேறு யாருக்கு விலக்கு?

ஆகவே பெற்றோரே, இளைஞரே! குணமளிப்பவர் என்றும், காட்சி காண்பவர் என்றும் ஒருவர் வரும்போது நான்கு காரியங்களை விசாரியுங்கள். பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறாரா? குடும்பத்தையும் பங்கையும் விட்டுப் பிரிக்கிறாரா? நம் பிள்ளைகளைத் தனியே அழைக்கிறாரா? கேள்வி கேட்டால் சாபத்தைக் காட்டி மிரட்டுகிறாரா? இதே அளவுகோலை நம் சொந்த வீட்டிலும் வைப்போம். கீழ்ப்படிதல் வேறு, கண்ணை மூடிக்கொள்ளுதல் வேறு. நல்ல மேய்ப்பன் கேள்விக்கு அஞ்சான். பிள்ளையொன்று அழுதுகொண்டு வந்து ஒன்றைச் சொன்னால், யாருடைய பெயரைச் சொன்னாலும் அதை அடக்காமல் முதலில் கேளுங்கள். இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கு எடுக்கக்கூடிய நல்ல தீர்மானம் இதுவே.